3 பென்ஸ் டீ வரிக்காகவா 13 காலனி பிரிஞ்சு போச்சு? அமெரிக்கப் புரட்சிக்கு முந்தின 12 வருஷம் பத்தி பேசலாம்

மணல்மேடு:
மக்களே வணக்கம். அமெரிக்க சுதந்திரப் போர்னா நம்மள்ல பல பேருக்கு பள்ளிக்கூடப் பாடத்துல வந்த ரெண்டு மூணு விஷயம்தான் ஞாபகம் இருக்கும், பாஸ்டன்ல டீயை கடல்ல கொட்டுனாங்க, பிரதிநிதித்துவம் இல்லாம வரி கிடையாதுன்னு கோஷம் போட்டாங்க, அப்புறம் வாஷிங்டன் வந்தார். ஆனா கொஞ்சம் உள்ள போனா கணக்கு உதைக்குது. 1764ல வந்த சர்க்கரைச் சட்டம் மொலாசஸ் (சர்க்கரை எடுத்தப்புறம் மிஞ்சுற கரும்புப் பாகு, ரம் காய்ச்ச அதுதான் வேணும்) மேல இருந்த வரியை கேலனுக்கு 6 பென்ஸ்ல இருந்து 3 பென்ஸா குறைச்சுது. 1773 டீ சட்டம் டீ விலையை ஏத்தவே இல்ல, இறக்குச்சு. அந்த சமயத்துல இங்கிலாந்துல ஆளுக்கு சராசரியா 26 ஷில்லிங் வரி (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட்), மாசசூசெட்ஸ்ல ஒரு ஷில்லிங் சுமார்னு ஒரு மதிப்பீடு சொல்றாங்க. அப்ப வரி குறைவா இருந்தவன் ஏன் துப்பாக்கி தூக்குனான்? விஷயம் தெரிஞ்சவங்க விலாவாரியா சொன்னா நல்லா இருக்கும், அவசரமே இல்ல.

பழங்கணக்கன்:
நல்ல கேள்வி மணல்மேடு. இதுல எனக்கு ரொம்ப நாள் ஈடுபாடு உண்டு, அதனால நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல 1763க்கு போவோம். பிரான்சோட நடந்த ஏழு வருஷப் போர் முடியுது, பிரிட்டன் ஜெயிக்குது, கனடா கைக்கு வருது. ஆனா பிரிட்டன் அரசாங்கத்தோட கடன் கிட்டத்தட்ட இரட்டிப்பாகி சுமார் 13 கோடி பவுண்டுக்கு போயிடுச்சு, வருஷ வருமானத்துல பாதிக்கு மேல வட்டிக்கே சரியாப் போகுது. அதுக்கு மேல அமெரிக்காவுல சுமார் 10,000 சிப்பாய்களை நிறுத்தி வைக்கணும்னு முடிவு பண்றாங்க. பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கணக்கு வழக்குல கறாரான ஆளு. "உங்களைக் காப்பாத்தத்தானே செலவு, நீங்களும் கொஞ்சம் போடுங்க"ங்கறது அவரோட நிலை. லண்டன்ல உக்காந்து பாத்தா அது ஒண்ணும் அநியாயமா தெரியாது.

ஆனா அந்த 6 பென்ஸ் வரி ஏட்டுல மட்டும் இருந்த வரி. 1733லயே போட்டது. மேற்கிந்தியத் தீவுகள்ல இருந்த பிரிட்டிஷ் கரும்புத் தோட்ட முதலாளிகள் (பல பேரு லண்டன்லயே குடியிருந்து பார்லிமெண்ட்லயும் சீட் வச்சிருந்தாங்க) பிரெஞ்சுத் தீவு மொலாசஸை அடைச்சுத் தள்ளணும்னு போட வச்ச வரி அது. அதை ஒழுங்கா வசூலிச்சிருந்தா நியூ இங்கிலாந்து (மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்டு மாதிரி வடக்கு காலனிகள்) ரம் ஆலை எல்லாம் படுத்திருக்கும். ரோட் ஐலண்டு 1764ல லண்டனுக்கு அனுப்புன மனுவுல அவங்களே எழுதியிருக்காங்க, வருஷத்துக்கு 14,000 பீப்பாய் மொலாசஸ் வருது, அதுல பிரிட்டிஷ் தீவுல இருந்து வர்றது 2,500க்கு மேல இல்லன்னு. அப்ப மீதி எல்லாம் எங்க இருந்து வந்துச்சு? பிரெஞ்சுத் தீவுல இருந்துதான். கஸ்டம்ஸ் ஆளு கையில சில்லறையைத் திணிச்சா கண்டுக்க மாட்டான், முப்பது வருஷமா அப்படித்தான் ஓடுச்சு.

கிரென்வில் அதை 3 பென்ஸா குறைச்சு, ஆனா நிஜமாவே வசூல் பண்ணுவேன்னு கிளம்புனார். கட்டாத 6 பென்ஸை விட கட்டாயம் கட்டவேண்டிய 3 பென்ஸ் பெருசு. உங்க கேள்விக்கு முதல் பதில் இதுதான்.

சரக்குமூட்டை:
நான் கிளியரிங் ஃபார்வர்டிங் தொழில்ல இருக்கேன், அதனால இந்த 1764 சட்டத்துல வரியை விட எனக்கு கண்ணுல பட்டது பேப்பர் வேலைதான். யாரும் இதைப் பத்தி அதிகம் பேசுறதில்ல.

கப்பல்ல சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே பாண்டு (பிணைப் பத்திரம்) எழுதிக் குடுக்கணும். ஏத்துன ஒவ்வொரு சரக்குக்கும் கஸ்டம்ஸ் ஆபீஸ் சீட்டு வேணும், என்ன சரக்கு, எவ்வளவு, யாரு அனுப்புறான், யாருக்குப் போகுது எல்லாம் அதுல இருக்கணும். கடல் தாண்டிப் போற பெரிய கப்பலுக்கு இது பரவால்ல. ஆனா பக்கத்து காலனிக்கு பலகையும் விறகும் ஏத்திக்கிட்டுப் போற சின்னப் படகுக்காரன் நிலைமையை யோசிச்சுப் பாருங்க, அவன் சரக்கு ஏத்துற துறைக்கும் கஸ்டம்ஸ் ஆபீசுக்கும் நடுவுல எத்தனையோ மைல் தூரம் இருக்கும். சீட்டு இல்லாம மாட்டுனா படகோட போச்சு.

மாட்டுனதுக்கு அப்புறம்தான் இன்னும் மோசம். கேசை ஊர்லயே ஜூரி வச்சு நடத்தணும்னு இல்ல, அதிகாரி நினைச்சா நோவா ஸ்கோஷியாவுல ஹாலிஃபாக்ஸ்ல புதுசா தொறந்த அட்மிரால்டி கோர்ட்டுக்கு (கடல் வழக்கு கோர்ட்) கொண்டு போகலாம், அங்க ஜூரியே கிடையாது. சரக்கு நேர்மையா வந்ததுன்னு நிரூபிக்கிறது உடைமைக்காரன் பொறுப்பு. வழக்காடணும்னாலே முதல்ல 60 பவுண்ட் ஜாமீன் கட்டணும். சரி, எல்லாம் பண்ணி ஜெயிச்சுட்டீங்கன்னே வைங்க, "பிடிச்சதுக்கு நியாயமான காரணம் இருந்துச்சு"ன்னு ஜட்ஜ் ஒரு வரி எழுதிட்டா அதிகாரி மேல நஷ்டஈடு கேக்க முடியாது. பிடிபட்ட சரக்கு வித்த பணத்துல பிடிச்சவனுக்கும் பங்கு உண்டு. பிடிச்சா லாபம், தப்பா பிடிச்சாலும் நஷ்டம் இல்ல. இப்படி ஒரு அமைப்பு இருந்தா எந்த அதிகாரி கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருப்பான்?

தொழில் பண்றவனுக்கு வரியோட ரேட் தெரிஞ்சா விலையில சேத்துக்குவான். சரக்கு வந்து சேருமா இல்ல பாதியில முடக்கிடுவாங்களான்னே தெரியாதப்ப எதை எதுல சேக்குறது?

கறுப்புமை:
சரி அண்ணே, ஆனா இது எல்லாமே முதலாளி கஷ்டம். கடத்தல் பண்ணுன பணக்கார வியாபாரிக்கு லாபம் குறைஞ்சுது, அவன் ஊரைத் தூண்டி விட்டான், சாதாரண ஜனம் அவனுக்காக ரோட்டுல இறங்குச்சு. ஜான் ஹான்காக் எல்லாம் பாஸ்டன்லயே பெரிய பணக்காரங்கள்ல ஒருத்தர். இதைப் புரட்சின்னு கொண்டாடுறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

பழங்கணக்கன்:
கறுப்புமை, நீங்க சொல்றதுல பாதி உண்மை, அதை நான் மறுக்கல. சர்க்கரைச் சட்டம் வந்தப்ப கத்துனது பெரும்பாலும் வியாபாரிங்கதான், அதனாலதான் அப்ப பெருசா எதுவும் வெடிக்கல. அடுத்த வருஷம் வந்த ஸ்டாம்ப் சட்டம்தான் நிலைமையை மாத்துச்சு.

1765 மார்ச் 22ல சட்டமாகுது, நவம்பர் 1ல இருந்து அமல். எதுக்கெல்லாம் ஸ்டாம்ப் (வரி கட்டுனதுக்கு அடையாளமா குத்துற முத்திரை) வேணும்னு பாருங்க. கோர்ட் காகிதம், நிலப் பத்திரம், உயில், கப்பல் கிளியரன்ஸ், சாராயக்கடை லைசென்ஸ், பத்திரிகை, பத்திரிகைல வர்ற ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங், காலேஜ் பட்டத்துக்கு 2 பவுண்ட், ஒரு கட்டு சீட்டுக்கு 1 ஷில்லிங், ஒரு ஜோடி தாயக்கட்டைக்கு 10 ஷில்லிங். அதாவது வக்கீல், அச்சுக்கூடக்காரன், சாராயக்கடைக்காரன் மூணு பேரையும் ஒரே நேரத்துல பகைச்சுக்கிட்டாங்க. ஊர்ல பேச்சு நடக்குற இடமே இந்த மூணு பேர் கையிலதான் இருந்துச்சு. இதுக்கு மேல பெரிய அரசியல் தப்பு எனக்குத் தெரிஞ்சு வேற எதுவும் இல்ல.

இன்னொண்ணு, ஸ்டாம்புக்கு ஸ்டெர்லிங் (பிரிட்டிஷ் பணம்) கணக்குல கட்டணும், உள்ளூர் காகிதப் பணம் செல்லாது. முந்தின வருஷம்தான் கரன்சி சட்டம் போட்டு காலனிகள் சட்டப்படி செல்லுபடியாகிற காகிதப் பணம் புதுசா அடிக்கிறதைத் தடுத்திருந்தாங்க (நியூ இங்கிலாந்துல இந்தத் தடை 1751லயே வந்தாச்சு). போர் முடிஞ்சு ராணுவ கான்ட்ராக்ட் எல்லாம் நின்னு போய் வியாபாரம் படுத்துக் கிடக்கு. வெள்ளி நாணயம் கிடைச்சா அது லண்டன் கடனுக்கே போயிடும். கையில காசே இல்லாத நேரத்துல காசாத்தான் கட்டணும்னு ஒரு வரி, அதோட அளவு சின்னதா இருந்தாலும் கழுத்தைப் பிடிச்ச மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் யார் இறங்குனாங்கன்னு கேட்டீங்களே. பாஸ்டன்ல ஆகஸ்ட் 14ல ஸ்டாம்ப் விநியோகஸ்தர் ஆண்ட்ரூ ஆலிவரோட உருவபொம்மையை ஒரு எல்ம் மரத்துல தொங்கவிட்டாங்க, அந்தக் கூட்டத்துக்குத் தலைமை எபினேசர் மாக்கின்டாஷ்னு ஒரு செருப்புத் தைக்கிறவர். ஆலிவர் பதவியே வேணாம்னுட்டார். ஆகஸ்ட் 26ல துணை கவர்னர் தாமஸ் ஹட்சின்சன் வீட்டை சுவரு மட்டும் மிச்சமா உடைச்சுப் போட்டாங்க. அந்த ராத்திரி வரி எதிர்ப்புக்குத் தலைமை தாங்குன சாம் ஆடம்ஸ் மாதிரி ஆளுங்களுக்கே பயம் வந்துடுச்சு. வியாபாரி தூண்டி விட்டிருக்கலாம், ஆனா கூட்டம் அவன் கைக்கு அடங்கல. நவம்பர் 1 வர்றதுக்குள்ள கிட்டத்தட்ட எல்லா காலனியிலயும் ஸ்டாம்ப் விக்க ஆளே இல்லாம போயிடுச்சு.

மணல்மேடு:
அப்ப சட்டம் அமலுக்கே வரல? பிரிட்டன் என்ன பண்ணுச்சு?

பழங்கணக்கன்:
ஜார்ஜியாவுல கொஞ்சம் வித்துச்சு, அவ்வளவுதான். நியூயார்க் வியாபாரிங்க 200 பேரு சேந்து சட்டம் ரத்தாகுற வரைக்கும் பிரிட்டிஷ் சரக்கு வாங்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டாங்க, மத்த துறைமுகமும் சேந்துச்சு. உடனே லண்டன், பிரிஸ்டல், லிவர்பூல் வியாபாரிகளே "எங்க ஆர்டர் போச்சு, வர வேண்டிய பாக்கியும் வரல"ன்னு பார்லிமெண்டுக்கு மனு போட ஆரம்பிச்சாங்க. 1766 மார்ச் 18ல ரத்து. ஆனா அதே நாள்ல இன்னொரு சட்டமும் போட்டாங்க, காலனிகளுக்கு எந்த விஷயத்துல வேணாலும் சட்டம் போட எங்களுக்கு முழு அதிகாரம் உண்டுன்னு. காலனிக்காரங்க ரத்தானதுக்கு வாணவேடிக்கை விட்டாங்க, இதைப் பெருசா எடுத்துக்கல.

ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு பாடம் படிச்சாங்க. காலனிக்காரன் சரக்கு வாங்குறதை நிறுத்துனா லண்டன் மசியும்னு நினைச்சுக்கிட்டான். லண்டன்காரனோ உள்ள வசூலிக்கிற வரிதான் இவங்களுக்குப் பிடிக்கல, துறைமுகத்துல போட்டா ஒத்துக்குவாங்கன்னு நினைச்சான்.

தென்றல்வாசகி:
இந்த இடத்துல பெண்கள் பங்கை விட்டுடாதீங்க, ஆய்வாளர்கள் இப்ப நிறைய எழுதுறாங்க.

1767ல பிரிட்டன் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம், டீ அஞ்சுக்கும் துறைமுக வரி போட்டதும் மறுபடி புறக்கணிப்பு. ஆனா வியாபாரி கையெழுத்துப் போட்டா மட்டும் புறக்கணிப்பு நடந்துடாது, வீட்ல வாங்குறவங்க நிறுத்தணும். இங்கிலாந்துத் துணியை நிறுத்துனா உடுத்துறதுக்கு வேற துணி வேணும். நியூ இங்கிலாந்துல பல ஊர்ல பாதிரியார் வீட்டு முன்னாடி காலையில இருந்து பெண்கள் ராட்டையோட வந்து உக்காந்து பொழுது சாயுற வரைக்கும் நூல் நூத்தாங்க, எத்தனை கண்டு நூத்தாங்கன்னு பத்திரிகையில செய்தி வந்துச்சு. வீட்டுல நெஞ்ச முரட்டுத் துணி போட்டுக்கிறது மரியாதைன்னு ஆச்சு, 1768ல ஹார்வர்ட் பட்டதாரிங்களே அந்தத் துணியில வந்து பட்டம் வாங்குனாங்க. டீக்கு பதிலா மூலிகை இலை, காப்பி. 1774 அக்டோபர்ல நார்த் கரோலினா ஈடன்டன்ல 51 பெண்கள் தங்க பேரைப் போட்டு ஒரு தீர்மானத்துல கையெழுத்து வச்சாங்க, லண்டன்ல அவங்களைக் கேலிப்படம் போட்டு அசிங்கப்படுத்துனாங்க. ஓட்டு இல்லாத, கல்யாணமானா சொத்து உரிமையும் இல்லாத பெண்கள் தங்க பேரைப் பகிரங்கமா போட்டது எவ்வளவு பெரிய துணிச்சல்னு யோசிக்கும்போது எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

1768க்கும் 1769க்கும் நடுவுல பிரிட்டன்ல இருந்து அந்தக் காலனிகளுக்குப் போன ஏற்றுமதி மூணுல ஒரு பங்குக்கு மேல குறைஞ்சது. அதுல வீட்டுக்குள்ள எடுத்த முடிவுக்கு பெரிய பங்கு இருக்கு.

பழங்கணக்கன்:
அருமையா சொன்னீங்க தென்றல்வாசகி. டவுன்ஷெண்ட் வரியில இன்னொரு விஷயம் உள்ள இருக்கு, அதைச் சொல்லாம விட்டா அடுத்தது புரியாது. அந்த வரிப்பணம் எதுக்குப் போகும்னு சட்டத்துலயே எழுதியிருந்தாங்க, காலனி கவர்னருக்கும் நீதிபதிக்கும் சம்பளம் குடுக்க.

இதுல என்ன தப்புன்னு தோணும். அதுவரைக்கும் பல காலனியில கவர்னருக்கு சம்பளம் குடுத்தது உள்ளூர் சட்டசபை. கவர்னரை நியமிக்கிறது ராஜா, ஆனா சம்பளம் நாங்க ஓட்டுப் போட்டாத்தான். இந்த ஒரு பிடியை வச்சுத்தான் அவங்க கவர்னர்கிட்ட பேரம் பேசுனாங்க. லண்டனே சம்பளம் குடுத்துட்டா அந்தப் பிடி கை விட்டுப் போச்சு, வரி கட்டுறதும் நீயே, அந்தக் காசுல உனக்குக் கட்டுப்படாத அதிகாரி வர்றதும் உனக்கே. 1772ல மாசசூசெட்ஸ்ல ஹட்சின்சனுக்கும் (அப்ப கவர்னர்) நீதிபதிகளுக்கும் ராஜா கணக்குல சம்பளம்னு செய்தி வந்ததும்தான் பாஸ்டன் ஊர்க்கூட்டம் நவம்பர்ல ஒரு கடிதக் கமிட்டி அமைச்சு மத்த ஊருக்கெல்லாம் எழுத ஆரம்பிச்சுது. இந்தக் கமிட்டியை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

நடுவுல நடந்ததை வேகமா சொல்லிடுறேன். சுங்க கமிஷனர் ஆபீசை பாஸ்டன்லயே வச்சாங்க, 1768ல ஹான்காக்கோட லிபர்ட்டி கப்பலைப் பிடிச்சாங்க, கலவரம், பட்டாளம் வந்து இறங்குச்சு, 1770 மார்ச் 5 துப்பாக்கிச் சூடு, அஞ்சு பேர் சாவு. அதே மார்ச் 5ல லண்டன்ல பிரதமர் லார்ட் நார்த் எழுந்து டீயைத் தவிர மத்த வரியை எல்லாம் எடுத்துடலாம்னு சொல்லிக்கிட்டு இருந்தார். ஒரு சேதி கடல் தாண்ட வாரக்கணக்குல ஆகுற காலம், ரெண்டு பக்கமும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம முடிவெடுத்தாங்க.

நெய்தல்நிலா:
ஒரு சந்தேகம். ஸ்டாம்ப் சட்டம் ஜமைக்கா, பார்படோஸ் எல்லாத்துக்கும் சேத்துத்தானே போட்டாங்க. அவங்க ஏன் பிரியல? வரிதான் காரணம்னா அவங்களும் கிளம்பியிருக்கணுமே.

கறுப்புமை:
இதுக்கு நான் பதில் சொல்றேன். செயின்ட் கிட்ஸ், நெவிஸ் தீவுல கலவரம் பண்ணி ஸ்டாம்பை எரிச்சாங்க. ஆனா ஜமைக்காவும் பார்படோசும் முணுமுணுத்துக்கிட்டே கட்டிட்டாங்க. ஜமைக்காவுல வெள்ளைக்காரன் ஒருத்தன்னா அடிமை பத்து பேரு கணக்கு. 1760ல டாக்கி தலைமையில அடிமைகள் பெரிய கிளர்ச்சி பண்ணி அஞ்சு வருஷம்தான் ஆகியிருக்கு. பிரிட்டிஷ் பட்டாளம் போயிட்டா ராத்திரி தூங்க முடியாதுன்னு தோட்ட முதலாளிக்குத் தெரியும். சர்க்கரைக்கும் லண்டன் சந்தையில பாதுகாப்பு இருந்துச்சு, அந்த வியாபார விதியில லாபம் பாத்தவன் அவன். நியூ இங்கிலாந்துக்காரனுக்கு எது கைவிலங்கோ அது இவனுக்கு கவசம். ஒரே ராஜா, ஒரே பார்லிமெண்ட், ஒரே ஸ்டாம்ப், ஆனா வியாபார நிலைமை வேற.

சரக்குமூட்டை:
இந்தப் பதில் ரொம்பப் பிடிச்சிருக்கு.

நெய்தல்நிலா:
நன்றி கறுப்புமை. டீ விஷயத்துல நம்ம ஊரு சம்பந்தமும் இருக்கு, அதைச் சொல்லணும்னுதான் உள்ள வந்தேன்.

பாஸ்டன்ல கொட்டுனது இந்திய டீ இல்ல, எல்லாமே சீன டீ. ஆனா அந்த டீ அங்க போனதுக்கு இந்தியா ஒரு காரணம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1765ல வங்காள திவானி (வரி வசூல் உரிமை) கிடைச்சதும் பங்கு விலை ஏறுச்சு, பிரிட்டிஷ் அரசாங்கம் வருஷத்துக்கு 4 லட்சம் பவுண்ட் குடுன்னு பங்கு கேட்டுச்சு, பங்குதாரர் டிவிடெண்ட் ஏத்துனு கேட்டாங்க. 1769 மார்ச்ல ஹைதர் அலி குதிரைப் படையோட மெட்ராஸ் வாசல் வரைக்கும் வந்து நின்னு கம்பெனியை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வச்சார், அவர்கிட்ட கம்பெனி திணறுற சேதி அந்த மே மாசம் லண்டனுக்குப் போனதும் பங்கு சரிஞ்சது. அடுத்து 1770 வங்காளப் பஞ்சம். ஜனத்துல மூணுல ஒரு பங்காவது செத்திருக்கும்னு வாரன் ஹேஸ்டிங்ஸே 1772ல கம்பெனிக்கு எழுதுனார், அதே கடிதத்துல 1771 நிலவரி வசூல் 1768ஐ விட அதிகம்னும் எழுதியிருக்கார். இந்த ரெண்டையும் ஒரே காகிதத்துல படிக்கும்போது வயிறு எரியுது.

1772 ஜூன்ல லண்டன்ல ஒரு பேங்க் கவிழ்ந்து கடன் நெருக்கடி, கம்பெனியால பணம் புரட்ட முடியல. குடோன்ல சுமார் 1.7 கோடி பவுண்ட் எடை டீ தேங்கிக் கிடக்கு. அரசாங்கம் 14 லட்சம் பவுண்ட் கடன் குடுத்துச்சு, கூடவே டீ சட்டம். கம்பெனி லண்டன்ல ஏலம் விடாம, பிரிட்டிஷ் வரி இல்லாம, நேரா அமெரிக்காவுக்கு அனுப்பி தன்னோட ஏஜெண்ட் மூலமா வித்துக்கலாம். டவுன்ஷெண்ட் டீ மேல பவுண்டு எடைக்குப் போட்ட அந்த 3 பென்ஸை மட்டும் எடுக்க நார்த் மறுத்துட்டார், எடுத்துடுங்க இல்லன்னா வாங்க மாட்டாங்கன்னு எதிர்க்கட்சி உறுப்பினர் வில்லியம் டவுட்ஸ்வெல் பார்லிமெண்ட்லயே எச்சரிச்சும் கேக்கல.

பாஸ்டன்ல ஏஜெண்ட் யாரு தெரியுமா, கவர்னர் ஹட்சின்சனோட ரெண்டு பசங்களும் அதுல உண்டு. நேர்மையா டீ இறக்குமதி பண்ணுன வியாபாரியும் அவுட், டச்சு டீ கடத்துனவனும் அவுட். இன்னைக்கு டீ, நாளைக்கு வேற சரக்குன்னு பயம் வந்துச்சு. பென்சில்வேனியாவுல ஜான் டிக்கின்சன் ரஸ்டிகஸ்ங்கற புனைபேர்ல எழுதும்போது வங்காளத்துல கம்பெனி அரிசியைப் பதுக்கி ஜனத்தைப் பட்டினி போட்டதைச் சொல்லித்தான் எச்சரிச்சார். வங்காளத்துக்கு நடந்தது அங்க போய் சேந்திருக்கு.

சரக்குமூட்டை:
1773 டிசம்பர் 16 ராத்திரி டீயைக் கொட்ட ஏன் அவ்வளவு அவசரம்னும் சேத்துக்குங்க. கஸ்டம்ஸ் விதிப்படி கப்பல் வந்து 20 நாளுக்குள்ள வரி கட்டணும், இல்லன்னா அதிகாரி சரக்கைப் பறிமுதல் பண்ணி இறக்கிடலாம். டார்ட்மவுத் கப்பலுக்கு அடுத்த நாள் கெடு முடியுது. வரி கட்டாம திரும்பிப் போக கிளியரன்ஸ் குடுன்னு கப்பல் முதலாளி ஃப்ரான்சிஸ் ராட்ச் கவர்னர்கிட்டயே போய் கேட்டார், ஹட்சின்சன் முடியாதுன்னுட்டார். ராட்ச் திரும்பி வந்து ஓல்ட் சவுத் சர்ச்ல கூடியிருந்த கூட்டத்துல சொன்ன கொஞ்ச நேரத்துல துறைமுகத்துக்குக் கிளம்பிட்டாங்க. மூணு கப்பல், 342 பெட்டி, மதிப்பு 9,659 பவுண்ட். மத்த சரக்கு எதையும் தொடல, உடைச்ச ஒரு பூட்டுக்குப் பதிலா வேற பூட்டு வாங்கிக் குடுத்தாங்க. நியூயார்க்லயும் பிலடெல்பியாவுலயும் கப்பலை டீயோட திருப்பி அனுப்ப முடிஞ்சுது. இங்க கவர்னர் வழி விடாததால கடல்லதான் போச்சு.

மணல்மேடு:
வர்ஜீனியாக்காரங்க ஏன் வந்தாங்க? வாஷிங்டன், ஜெஃபர்சன் எல்லாம் கப்பல் வியாபாரி இல்லையே.

பழங்கணக்கன்:
அவங்க பிரச்சினை புகையிலையும் கடனும். 1660ல இருந்து கப்பல் சட்டப்படி புகையிலையை பிரிட்டனுக்குத்தான் அனுப்பணும், பிரான்சுக்கோ ஹாலந்துக்கோ நேரா விக்க முடியாது. லண்டன் கமிஷன் ஏஜெண்ட் அங்க என்ன விலைக்குப் போச்சுன்னு சொல்றானோ அதுதான் விலை, அதே ஆளுதான் இவங்களுக்கு வண்டி, துணி, மேஜை நாற்காலி எல்லாம் வாங்கி அனுப்பி கணக்குல ஏத்துறான். வருஷம் பூரா புகையிலை அனுப்பியும் பாக்கி ஏறிக்கிட்டே போகும். வாஷிங்டன் இதுல வெறுத்துப் போய் 1760கள்லயே மவுண்ட் வெர்னன்ல புகையிலையை விட்டு கோதுமைக்கு மாறினார். சின்ன விவசாயிக்கு ஆத்தங்கரை பூரா கிளாஸ்கோ கம்பெனிக் கடை, அங்க கடன். 1772 நெருக்கடியில லண்டன் கையை இறுக்குனதும் எல்லார் கழுத்துலயும் ஒரே நேரத்துல விழுந்துச்சு. இவங்க கடனைக் கட்டாம தப்பிக்கத்தான் புரட்சி பண்ணுனாங்கன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு அது முழுசா சரின்னு படல. ஆனா கடன் கணக்குப் புத்தகத்தைத் தொறக்குறப்ப எல்லாம் இந்த அமைப்பு நமக்கானது இல்லன்னு தோணியிருக்கும்.

இப்ப கமிட்டிக்கு வர்றேன், நான் இந்த இழையில முக்கியமா சொல்ல நினைச்சது இதைத்தான். டீக்குத் தண்டனையா 1774 ஜூன் 1ல பாஸ்டன் துறைமுகத்தை மூடுனாங்க, மாசசூசெட்ஸ் சாசனத்தையே மாத்தி, கவர்னர் அனுமதி இல்லாம ஊர்க்கூட்டம் வருஷத்துக்கு ஒண்ணுக்கு மேல கூடக்கூடாதுன்னாங்க. அதைப் பாத்து மத்த காலனி பயப்படும்னு நினைச்சாங்க. நடந்தது வேற, சவுத் கரோலினா அரிசி அனுப்புச்சு, கனெக்டிகட்காரங்க ஆட்டு மந்தையை ஓட்டிக்கிட்டு வந்தாங்க. செப்டம்பர்ல பிலடெல்பியாவுல 13ல 12 காலனி காங்கிரஸ்னு கூடுது. அக்டோபர் 20ல ஒரு ஒப்பந்தம் போடுறாங்க, டிசம்பர் 1ல இருந்து பிரிட்டிஷ் சரக்கு வாங்குறதில்ல, அடிமை இறக்குமதியும் நிறுத்தம், தீர்வு வரலன்னா 1775 செப்டம்பர்ல இருந்து ஏற்றுமதியும் இல்ல.

அதோட 11வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. ஒவ்வொரு மாவட்டத்துலயும் ஊர்லயும் ஓட்டு உள்ளவங்க சேந்து ஒரு கமிட்டி தேர்ந்தெடுக்கணும், யாரு ஒப்பந்தத்தை மீறுறாங்கன்னு பாக்கணும், மீறுனவன் பேரைப் பத்திரிகையில போடணும், அவனோட யாரும் கொடுக்கல் வாங்கல் வச்சுக்கக் கூடாது. மத்த பிரிவுகள்ல குதிரைப் பந்தயம் வேணாம், சேவல் சண்டை வேணாம், சாவு வீட்டுல கறுப்பு ரிப்பனுக்கு மேல செலவு வேணாம், ஆட்டை அதிகம் வெட்டாதீங்க கம்பளி வேணும், இது வரைக்கும் எழுதியிருக்காங்க. கப்பல் வந்தா குடோன்ல இருந்து கணக்கு எடுக்குறது கமிட்டி, விலை ஏத்துனா கூப்பிட்டுக் கேக்குறது கமிட்டி, கொஞ்ச நாள்ல ஆயுதப் பயிற்சி, வெடிமருந்து எல்லாம் அவங்க கிட்டயே. ஆயிரக்கணக்கான பேரு முதல் முறையா அதிகாரத்துல உக்காந்தாங்க. வரியை எதிர்க்க புறக்கணிப்பு, புறக்கணிப்பைக் கண்காணிக்க கமிட்டி, கமிட்டி வந்ததும் ராஜாவோட கவர்னர் சொல்றதைக் கேக்க ஊர்ல ஆள் இல்ல. 1775 ஏப்ரல் 19ல மாசசூசெட்ஸ் லெக்சிங்டன்ல போரோட முதல் துப்பாக்கி வெடிச்சப்ப பல இடத்துல ஆட்சி ஏற்கனவே கை மாறியிருந்துச்சு.

இதுல அத்துமீறலும் நடந்துச்சு, மாத்துக்கருத்து சொன்னவங்களுக்குத் தார் பூசி இறகு ஒட்டுனாங்க, வீட்டை விட்டுத் துரத்துனாங்க. அதையும் சொல்லணும்.

கறுப்புமை:
இந்தக் கமிட்டி விளக்கம் என்னை யோசிக்க வைக்குது, நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு பதிவாகணும். ரோட் ஐலண்டு ரம் கணக்குல முதல் வரியே அடிமை வியாபாரம், அந்த ரம்மை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போய் மனுஷங்களை வாங்குனாங்க. 1775 நவம்பர்ல வர்ஜீனியா கவர்னர் டன்மோர், கிளர்ச்சிக்காரங்க கிட்ட இருக்குற அடிமைகள் எங்க பக்கம் வந்து சண்டை போட்டா விடுதலைன்னு அறிவிச்சார். நூத்துக்கணக்கான பேரு உயிரைப் பணயம் வச்சு ஓடி வந்தாங்க. தோட்டக்கார முதலாளிகள்ல தயங்கிக்கிட்டு இருந்த பல பேரு அதுக்கப்புறம்தான் சுதந்திரம் பக்கம் சாஞ்சாங்க. வரி, வியாபாரம்னு பேசும்போது அந்த வியாபாரத்துல சரக்கா இருந்த மனுஷங்களையும் சேத்துத்தான் பேசணும்.

தென்றல்வாசகி:
முழுசா ஒத்துக்குறேன்.

மணல்மேடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கடைசியா ஒண்ணு. பிரிட்டன் இந்த வரி எல்லாம் வேணாம்னு எப்பவாவது இறங்கி வந்துச்சா?

பழங்கணக்கன்:
வந்துச்சு, 1778ல. முந்தின அக்டோபர்ல சரடோகாவுல ஒரு பிரிட்டிஷ் படையே சரணடைஞ்சுது, பிரான்ஸ் அமெரிக்காவோட உடன்படிக்கை போட்டாச்சு. அப்புறம்தான் அதே லார்ட் நார்த், காலனிகள்ல வருமானத்துக்காக இனி வரி போட மாட்டோம், வியாபாரத்தை ஒழுங்குபடுத்துறதுக்கு வரி போட்டாலும் அந்தப் பணம் அந்தந்த காலனிக்கே போகும்னு சட்டம் கொண்டு வந்தார். டீ மேல இருந்த 3 பென்சும் அதுலதான் ரத்தாச்சு. கார்லைல் பிரபு தலைமையில தூதுக்குழு ஜூன்ல பிலடெல்பியா வந்துச்சு. முதல்ல சுதந்திரத்தை ஒத்துக்குங்க இல்லன்னா பட்டாளத்தைத் திரும்ப எடுங்க, அப்புறம் பேசலாம்னு காங்கிரஸ் சொல்லிடுச்சு. 1768லயே இதைக் குடுத்திருந்தா சண்டை வந்திருக்காதுங்கறது என் கருத்து.

நெய்தல்நிலா:
அந்த 1778 சட்டம் வட அமெரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுக்கும் மட்டும்தான். வங்காளத்துலயும் மெட்ராஸ்லயும் கம்பெனி வரி வசூல் அப்படியே ஓடுச்சு. யார்க்டவுன்ல 1781ல தோத்த கார்ன்வாலிஸ்தான் அப்புறம் கவர்னர் ஜெனரலா இந்தியா வந்து 1793ல வங்காளத்துல நிரந்தர நிலவரித் திட்டம் போட்டார். அதைப் பத்தி தனியா ஒரு இழை தொடங்குறேன், விருப்பம் உள்ளவங்க அங்க வாங்க.